சிடி பிளேயர் ‘நோ டிஸ்க்’ என்கிறதா? லென்ஸ் வாங்க ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதன்முதலாக ஒரு சிடி பிளேயருக்கு நான் லேசர் மாற்றியபோது, பழைய லேசரில் ஒரு குறையும் இருக்கவில்லை. மாமா வீட்டு செட் அது. எந்த டிஸ்க்கைப் போட்டாலும் ‘நோ டிஸ்க்’. கடைக்கு ஓடிப் புதியதை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். அப்போதும் ‘நோ டிஸ்க்’தான். டிஸ்க்கை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும் வட்டத் தொப்பிக்குள் ஒட்டியிருந்த காந்தம் பசை விட்டுக் கழன்றிருந்தது. ஒரு சொட்டுப் பசையில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

அன்றிலிருந்து ஒரு வரிசை வைத்திருக்கிறேன். காசு செலவாகாத சோதனை முதலில், லேசர் கடைசியில். டிரே வைத்த தனி சிடி பிளேயருக்கும் மினி காம்போ செட்டுக்கும் இந்த வரிசை பொருந்தும். கார் ஸ்டீரியோவும் ஐந்து டிஸ்க் சேஞ்சரும் வேறு கதை, அவற்றை இங்கே தொடவில்லை.

ஒரு சொல் விளக்கம். லென்ஸ், அதை அசைக்கும் சுருள்கள், லேசர் டயோடு எல்லாம் சேர்ந்த சின்ன உருப்படியை இங்கே ‘லேசர்’ என்கிறேன். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அதன் பெயர் ‘லென்ஸ்’. அந்த உருப்படியோடு, அது ஓடும் எஃகுத் தண்டு, பல்சக்கரங்கள், இரண்டு மோட்டார் எல்லாம் பொருத்திய முழுத் தகடு ‘மெக்கானிசம்’.

மூடியைத் திறப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பல செட்களில் உள்ளே 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வரை வந்து நிற்கும். பிடுங்கிய பிறகும் ஐந்து நிமிடம் பொறுங்கள், பெரிய கெப்பாசிட்டர்கள் இறங்கட்டும். சோதனைக்காக மூடி இல்லாமல் ஓட்டும்போது பவர் சப்ளை பக்கம் கையே போகக் கூடாது.

அடுத்து கண். சிடி லேசர் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு. கண்ணுக்கு ஏறக்குறைய தெரியாது, அதனால் கண் தானாக மூடிக்கொள்ளாது. லென்ஸுக்கு நேர் மேலே முகத்தை வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

மூடியைத் தொடாமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. மூன்று டிஸ்க் போட்டுப் பாருங்கள்: கடையில் வாங்கிய ஒரிஜினல், வீட்டில் கம்ப்யூட்டரில் பாட்டு ஏற்றி ‘எரித்த’ சிடி-ஆர், முடிந்தால் இன்னொரு ஒரிஜினல். ஒரிஜினல் எல்லாம் ஓடி, எரித்தது மட்டும் ஓடவில்லை என்றால் லேசர் சோர்ந்துவருகிறது அல்லது லென்ஸ் அழுக்காக இருக்கிறது. திரும்பத் திரும்ப எழுதும் சிடி-ஆர்டபிள்யூ பழைய பிளேயரில் ஓடாதது கோளாறே இல்லை. அது திருப்பி அனுப்பும் ஒளி மிகக் குறைவு, அந்தக் காலத்து பிளேயர்கள் அதற்காகச் செய்யப்படவில்லை.

ஒரே டிஸ்க் ஒரே இடத்தில் மட்டும் தாவுகிறதா? பிளேயரை விடுங்கள், டிஸ்க்கை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டைகள் தெரிந்தால் பிரதிபலிக்கும் படலமே போய்விட்டது என்று அர்த்தம். படலம் இருப்பது பெயர் அச்சிட்ட பக்கத்துக்கு வெகு அருகில். அதனால் அந்தப் பக்கத்துக் கீறல்தான் ஆபத்தானது. துடைப்பதென்றால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள்.

## அறிகுறி: டிரே வரவில்லை, பாதியில் நிற்கிறது, அல்லது மூடியதும் திறந்துகொள்கிறது

மோட்டார் சத்தம் கேட்கிறது, டிரே நகரவில்லை. பெல்ட்தான். டிரேக்குக் கீழே ஒரு சின்ன ரப்பர் பெல்ட் இருக்கும். வருடங்கள் போனால் நீண்டு, வழுவழுப்பாகி வழுக்கும். உடனடி வழியாக, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பெல்ட்டையும் கப்பியையும் துடைக்கலாம். கொதிநீரில் சில நிமிடம் போட்டு எடுத்தால் கொஞ்சம் சுருங்கும், ஆனால் அது நாள் தள்ளும் வேலைதான். புதிய பெல்ட் வாங்கும்போது பழையதைக் காட்டி “இதே அளவு” என்று கேட்காதீர்கள். பழையது நீண்டுபோனது. அதைவிடச் சற்றுச் சின்னதாக வாங்குங்கள்.

மூடிய பிறகு தானே திறக்கிறது. டிரே முழுக்க உள்ளே வந்ததைச் சொல்லும் சின்ன சுவிட்சில் பச்சை படிந்திருக்கலாம். கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு, பத்துத் தடவை அமுக்கி விடுங்கள்.

டிரே நன்றாகவே மூடுகிறது, ஆனால் ‘நோ டிஸ்க்’. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டிரே உள்ளே போன பிறகு, அதே பெல்ட் இன்னொரு வேலையும் செய்ய வேண்டும். மெக்கானிசத்தை மேலே தூக்கி டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்க வைக்க வேண்டும். தளர்ந்த பெல்ட் டிரேயை இழுத்துவிடும், கடைசி சில மில்லிமீட்டர் தூக்குவதற்குத் தெம்பிருக்காது. டிஸ்க் சரியாக உட்காராது, லேசர் மேல் பழி விழும். மூடி திறந்த நிலையில் மெக்கானிசம் மட்டமாக எழும்பி நிற்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். காந்தத் தொப்பியையும் ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள், என் ஞாயிற்றுக்கிழமையை நினைத்தாவது.

ஒரு சத்தமும் இல்லை. டிரே மோட்டாரின் இரண்டு முனையில் மல்டிமீட்டர் வைத்து, ஓப்பன் பட்டனை அமுக்குங்கள். வோல்ட் வந்து மோட்டார் சுற்றவில்லை என்றால் மோட்டார். வோல்டே வரவில்லை என்றால் போர்டு, அதைக் கடைக்குக் கொடுத்துவிடலாம்.

## அறிகுறி: டிஸ்க் சுற்றவே இல்லை

டிஸ்க் இல்லாமல், மூடியைக் கழற்றி, டிரேயை மூடுங்கள். சில நொடிகள்தான் கிடைக்கும், அதற்குள் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்: லேசர் உள்பக்கமாக நடுவை நோக்கி நகர்கிறதா, லென்ஸ் இரண்டு மூன்று தடவை ஏறி இறங்குகிறதா, ஒரு முழ தூரத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் லென்ஸில் மங்கிய சிவப்புப் புள்ளி தெரிகிறதா. புள்ளியை நேரே பார்க்கத் தயக்கமாக இருந்தால் மொபைலின் முன்பக்கக் கேமராவைக் காட்டுங்கள், பல மொபைல்களில் அது வெளுத்த புள்ளியாகத் தெரியும்.

லேசர் நடுவுக்கு வரவே இல்லை. டிஸ்க்கின் பொருளடக்கம் உள் விளிம்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது, அங்கே போகாமல் எதுவும் தொடங்காது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பல்சக்கரத்தை விரலால் மெதுவாகத் திருப்புங்கள். இறுக்கமாக இருந்தால் பழைய கிரீஸ் மெழுகுபோல் கெட்டியாகியிருக்கும். எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, பிளாஸ்டிக்குக்கு ஒத்துப்போகும் வெள்ளை கிரீஸைத் தீக்குச்சி முனையளவு தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வைத்த செட் ஒன்று என்னிடம் வந்தது. எறும்புக்கு விருந்து, எனக்கு இரண்டு மணி நேர வேலை. பல்சக்கரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மோட்டார் தண்டில் இறுக்கிப் போட்டிருக்கும் குட்டிச் சக்கரம்தான் முதலில் வெடிக்கும்.

நடுவுக்கு வந்து அங்கேயே ‘டர்ர்’ என்று கடிக்கிறது. எல்லையைச் சொல்லும் சுவிட்ச் வேலை செய்யவில்லை. கான்டாக்ட் கிளீனர். அதற்கும் மசியாவிட்டால் சுவிட்சை மாற்ற வேண்டும்.

லென்ஸ் அசையவே இல்லை, வெளிச்சமும் இல்லை. முதல் சந்தேகம் தட்டையான ரிப்பன் வயர். லேசரோடு சேர்ந்து இதுவும் முன்னும் பின்னும் மடங்கி மடங்கி ஓடுகிறது, மடிப்பில் உள்ளே இழை அறும். இரண்டு முனையையும் கழற்றித் துடைத்து, மல்டிமீட்டரில் ஒவ்வொரு இழையாகத் தொடர்ச்சி பாருங்கள். பார்க்கும்போதே ரிப்பனை மெல்ல வளைத்துப் பாருங்கள், அறுந்தது அப்போதுதான் வெளியே வரும். ரிப்பன் நல்லது என்றால் சுருள்களை ஓட்டும் ஐசிக்குப் போகும் சப்ளை. அங்கே அளக்கச் சர்வீஸ் மேனுவல் வேண்டும்.

லென்ஸ் ஏறி இறங்குகிறது, வெளிச்சம் இல்லை. லேசர் டயோடு செத்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் யாராவது சமீபத்தில் லேசர் மாற்றியிருந்தால் கீழே ‘ஈயப் பொட்டு’ என்ற பகுதியை முதலில் படியுங்கள்.

லென்ஸ் அசைகிறது, வெளிச்சமும் இருக்கிறது. இப்போது டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள். லேசர் குவியம் பிடித்த பிறகுதான் பல செட்களில் டிஸ்க் சுற்றத் தொடங்கும். அதனால் சுற்றாததற்கு லென்ஸ் அழுக்கும் காரணமாக இருக்கலாம், டிஸ்க்கைச் சுழற்றும் மோட்டாரும் காரணமாக இருக்கலாம். இரண்டில் லென்ஸைத் துடைப்பது காசில்லாத வேலை, அதை முதலில் செய்யுங்கள்.

லென்ஸ் துடைப்பதற்கு: நீரில்லாத ஐசோப்ரொப்பைல், புதிய காது குடையும் பஞ்சு, விரலில் பலமே இல்லாத தொடுதல். லென்ஸ் மயிரிழை போன்ற தாங்கிகளில் மிதக்கிறது, அமுக்கினால் கோணிக்கொள்ளும். அசிட்டோன், தின்னர், கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம் எதுவும் வேண்டாம், லென்ஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக். தூசியை வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதி நல்லது, லென்ஸுக்கு அடியில் இருக்கும் கண்ணாடி வரை காற்றைக் கொண்டுபோகும். சாம்பிராணியும் ஊதுபத்தியும் தினமும் புகையும் கூடத்தில் இருக்கிற செட் என்றால், இந்த ஒரு வேலையிலேயே உயிர் வந்துவிடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பஞ்சு மஞ்சளாக வரும். பிரஷ் ஒட்டிய ‘கிளீனிங் டிஸ்க்’ எனக்குப் பிடிக்காது, சுற்றுகிற வேகத்தில் லென்ஸைத் தட்டுகிறது.

சுழலும் மோட்டாருக்கு: அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓம் அளவில் மீட்டர் வைத்து, டிஸ்க் உட்காரும் மேடையை விரலால் மிக மெதுவாகத் திருப்புங்கள். அளவு ஓரளவு சீராக இருக்க வேண்டும். ஏதாவது ஓர் இடத்தில் இணைப்பே அறுந்ததுபோல் காட்டினால் உள்ளே பிரஷ் தேய்ந்திருக்கிறது. ஒன்றரை வோல்ட் பேட்டரியை நேரடியாகக் கொடுத்து இரண்டு பக்கமும் அரை அரை நிமிடம் ஓட விட்டால் சில மோட்டார்கள் தெளியும். எவ்வளவு நாளைக்கு என்பது மோட்டாரின் மனசு.

## அறிகுறி: சுற்றுகிறது, ஆனால் வெகுநேரம் தேடுகிறது, முதல் பாட்டுகளில் தாவுகிறது

சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்று, விளிம்புக்குப் போகும்போது 200 சுற்று. அதனால் தேய்ந்த சுழல் மோட்டார் முதல் பாட்டிலேயே மூச்சு வாங்கும். நடுப்பாட்டை நேராகத் தேர்ந்தால் ஒழுங்காக ஓடும். இந்த நடத்தையைப் பார்த்தால் லேசரைத் தொடாமல் மோட்டாரைச் சந்தேகியுங்கள்.

கடைசிப் பாட்டுகளில் மட்டும் தாவுகிறது. முதலில் டிஸ்க் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வளைவின் ஆட்டம் விளிம்பில்தான் அதிகம். அடுத்து, தண்டின் வெளிமுனையில் தூசியும் கெட்டி கிரீஸும். முழு நீள டிஸ்க் எப்போதாவதுதான் போடுவோம், அந்தக் கடைசித் துண்டுத் தண்டை லேசர் வருடக்கணக்கில் மிதித்திருக்காது.

எல்லா டிஸ்க்கிலும் ஏறக்குறைய அதே நிமிடத்தில் தாவுகிறது. பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருக்கும், அல்லது ஒரு முடி சிக்கியிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

இடம் நிமிடம் இல்லாமல் எங்கே வேண்டுமானாலும் தாவுகிறது. லென்ஸ் துடைத்தாயிற்று, தண்டு துடைத்தாயிற்று, மோட்டார் நல்லது, ரிப்பன் நல்லது. இப்போது லேசர் தேய்ந்துவிட்டது என்று சொல்லலாம். எரித்த டிஸ்க் மாதக்கணக்கில் முன்பே நின்றுபோயிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

## அறிகுறி: அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு மக்கர்

மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வையுங்கள். கோளாறு மறைந்தால் சூடு. சூட்டில் விரியும் சால்டர் வெடிப்பு, ஓட்டும் ஐசி, வயதான லேசர் என்று மூன்று வழி இருக்கிறது. ரெகுலேட்டர் ஐசியின் கால்களைச் சுற்றி மோதிரம்போல் வட்ட வெடிப்பு தெரிந்தால், சால்டரிங் பழக்கம் இருப்பவர்கள் அதை மட்டும் மறுபடி உருக்கி விடலாம்.

நேர்மாறாக, காலையில் மக்கர் செய்து கொஞ்சம் சூடானதும் சரியாகிறது என்றால் கெட்டி கிரீஸ் அல்லது காய்ந்த கெப்பாசிட்டர்.

நேரம் ஓடுகிறது, பாட்டு எண் மாறுகிறது, சத்தம் மட்டும் இல்லை என்பவர்கள் இந்தக் குறிப்பையே மூடிவிடலாம். டிஸ்க் படிக்கப்படுகிறது. கோளாறு வெளியே போகும் ஒலிப் பாதையில்.

## லேசர்தான் என்று முடிவானால்

எண்ணைப் பாருங்கள், செட்டின் பெயரை அல்ல. எத்தனையோ கம்பெனிகளின் செட்டுக்குள் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய லேசர்கள்தான். சோனியின் கேஎஸ்எஸ்-213, கேஎஸ்எஸ்-240, சான்யோவின் எஸ்எஃப்-பி101என், ஃபிலிப்ஸின் விஏஎம்1201, விஏஎம்1202 ஆகியவை அடிக்கடி கண்ணில் படுபவை. எண்ணின் கடைசி எழுத்து வரை குறித்துக்கொள்ளுங்கள். எஸ்எஃப்-பி101என் 15 பின்னிலும் உண்டு, 16 பின்னிலும் உண்டு. பார்க்க ஒரே மாதிரி, ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது உத்தமம்.

தனி லேசரா, முழு மெக்கானிசமா? சாதாரண எண்களுக்கு முழு மெக்கானிசமும் கிடைக்கிறது. முதல் தடவை செய்கிறவர்கள் அதையே வாங்குங்கள் என்பது என் கட்சி. விலை வித்தியாசம் பெரிதில்லை, மோட்டாரும் புதிதாக வந்துவிடும். மோட்டாரைத் தனியாக மாற்றினால் மேடையின் உயரத்தைப் பழையபடியே வைக்க வேண்டும். கழற்றும் முன் வெர்னியரில் அளக்காமல் பிடுங்கிவிட்டால், அப்புறம் குவியம் பிடிக்காமல் புதிய லேசரும் திணறும்.

ஒரிஜினல் என்று சொல்லி விற்பவை எல்லாம் ஒரிஜினல் இல்லை. எண்ணும் லேபிளும் அப்படியே இருக்கும், உள்ளே வேறு ஆள் செய்தது. ஓடும், ஆனால் கீறல் விழுந்த டிஸ்க்கில் சீக்கிரம் திணறும். திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கழற்றுவது. ஒவ்வொரு படியிலும் மொபைலில் ஒரு படம். டிரேயை வெளியே எடுத்தால் மெக்கானிசம் நான்கு மூலையில் ரப்பர் புஷ்களில் நிற்பது தெரியும். ரிப்பன் கனெக்டரில் பூட்டு இருந்தால் முதலில் அதைத் தூக்குங்கள், இல்லாத வகையில் நேராக இழுத்தால் வரும். ரிப்பனின் உலோகம் தெரியும் முகம் எந்தப் பக்கம் என்பதைக் கட்டாயம் படம் எடுங்கள். மோட்டார் வயர்களுக்குத் தனிக் கனெக்டர் இருக்கும். லேசர் மட்டும் மாற்றுபவர்கள் பெரிய பல்சக்கரத்தைக் கழற்றி, எஃகுத் தண்டை உருவினால் லேசர் கையில் வரும். சில வகைகளில் பக்கவாட்டுப் பல் தண்டைப் பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் போட வேண்டியிருக்கும். ரப்பர் புஷ் கல்லாகியிருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

ஈயப் பொட்டு. உடம்பில் ஏறும் நிலை மின்சாரம் லேசர் டயோடைக் கொன்றுவிடும், கையில் உணரக்கூட மாட்டீர்கள். அதனால் பல புதிய லேசர்களின் குட்டி போர்டில் இரண்டு புள்ளிகளை ஒரு பொட்டு ஈயத்தால் இணைத்தே அனுப்புவார்கள். ரிப்பனை மாட்டும் வரை அதை எடுக்கக் கூடாது. மாட்டிய பிறகு எடுக்காமல் விடவும் கூடாது. எடுக்காவிட்டால் லென்ஸ் ஏறி இறங்கும், வெளிச்சம் வராது, ‘நோ டிஸ்க்’ என்று காட்டும். இது தெரியாமல் ஒரு காலத்தில் கடைக்காரரோடு “போலி கொடுத்துவிட்டீர்கள்” என்று சண்டை போட்டிருக்கிறேன். அவர் ஒன்றும் பேசாமல் சால்டரிங் அயர்னை எடுத்துப் பொட்டைத் துடைத்துக் கொடுத்தார். அடுத்த மூன்று தடவை வேறு தெரு வழியாகத்தான் போனேன்.

பொட்டை எடுக்கும் முறை: எர்த் பட்டை இருந்தால் கையில் கட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் செட்டின் உலோக உடலைத் தொட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள். செட்டின் பிளக் வெளியேதான் இருக்க வேண்டும். அயர்ன் சூடானதும் அதன் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மிச்சச் சூட்டில், ஈயத்தை உறிஞ்சும் செப்புத் திரியை வைத்து ஒரே ஒற்றலில் எடுத்துவிடுங்கள். பாலியஸ்டர் சட்டை, ஏசி அறை இரண்டும் இந்த வேலைக்கு ஆகாது.

திருகாதே என்றால் திருகாதீர்கள். லேசரின் பக்கத்தில் குட்டித் திருகு ஒன்று இருக்கும், டயோடுக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பது. “கொஞ்சம் ஏற்றி விட்டால் ஓடும்” என்று சொல்பவர்கள் உண்டு. ஓடும், சில நாள். அதன் பிறகு டயோடு முழுசாகப் போய்விடும். புதிய லேசரில் அது கம்பெனியிலேயே அளந்து வைக்கப்பட்டது.

## மாற்றியும் சரியாகவில்லை

ஈயப் பொட்டு, ரிப்பன் முகம் திரும்பியது, ரிப்பன் முழுக்க உள்ளே போகாதது, மோட்டார் கனெக்டரை மறந்தது. இந்த வரிசையிலேயே பாருங்கள். ஓடுகிறது ஆனால் தாவுகிறது என்றால், பழைய செட்களின் மெயின் போர்டில் குவியத்துக்கும் தடம் பிடிப்பதற்கும் தனித்தனித் திருகுகள் இருக்கும். புதிய லேசருக்கேற்ப அவற்றைச் சரிசெய்ய வேண்டும், அதற்கு மின்னலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் வேண்டும். பிற்கால செட்கள் இதைத் தானே செய்துகொள்ளும்.

## கடைக்குப் போக வேண்டிய இடம்

ஆசிலாஸ்கோப் தேவைப்படும்போது. ஐசிக்கே சப்ளை வராதபோது. புகை வந்தபோது, கருகிய வாடை அடித்தபோது. ஊசல்போல் வீசும் கை கொண்ட பழைய ஃபிலிப்ஸ் சிடிஎம் வகை என்றால் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். அவற்றில் நல்ல உருப்படி கிடைப்பது அரிது, கை தவறினால் ஈடு இல்லை. சூப்பர் ஆடியோ சிடி ஓட்டும் செட்டுக்கும் அதே.

கொடுக்கும்போது “லேசர் போய்விட்டது” என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள், கேட்பவர் அதையே மாற்றிவிடுவார். “லென்ஸ் ஏறி இறங்குகிறது, வெளிச்சம் தெரிகிறது, சுற்றவில்லை” என்று கண்டதை மட்டும் சொல்லுங்கள். எதையெல்லாம் துடைத்தீர்கள், எந்தத் திருகைத் தொட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாற்றிய பழைய மெக்கானிசத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி வையுங்கள். அதிலிருக்கும் பல்சக்கரம், ரப்பர் புஷ், எல்லை சுவிட்ச் எல்லாம் அடுத்த செட்டுக்கு ஆகும்.